லேபிள் உரிக்கும் வீடு

புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தின் கோடியில், நீலத் தகரக் கதவுக்கு மேலே, மூன்று கலரில் ஒரு போர்டு: ஷாஹிதா ட்ரேடர்ஸ், கிளீனிங் கெமிக்கல்ஸ், மொத்தம் மற்றும் சில்லறை. பார்க்கிறவர்கள் ஷாஹிதா என்பவள் பெரிய முதலாளியம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்தால் நினைக்கட்டும், காசா பணமா? அந்த முதலாளியம்மாவிடம் கல்லாப்பெட்டிச் சாவி கிடையாது. கோடவுன் சாவியும் கிடையாது. டிரம்மில் என்ன வருகிறது என்று கேட்க வாய் உண்டு. கேட்டால் பதில் சொல்லத்தான் ஆள் கிடையாது.

கடையை நடத்துகிறவர் அவள் கணவன் அஜ்மலின் அண்ணன் சைஃபுல்லா. ஷாஹிதா அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவாள். அஜ்மல் டாடா ஏஸ் வண்டியில் சரக்கு கொண்டுபோய்ப் போடுகிறவன். மகாபலிபுரத்து ஓட்டல்கள், சிலை செய்யும் பட்டறைகள், சிறுசேரியில் கண்ணாடி போட்ட பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்கள், எல்லாம் அவன் ரூட்டு. நல்ல மனுசன்தான். அண்ணன் எதைச் சொன்னாலும் "சரி" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டான்.

கடை அவள் பேருக்கு வந்ததற்குக் காரணம் சொன்னவரும் சைஃபுல்லாதான். "பொம்பள பேர்ல இருந்தா பேங்குல சட்டுனு லோன் குடுப்பான். அதுவும் இல்லாம நீ காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவ. நாங்க இன்னாத்த கண்டோம்?" என்றார். அன்றைக்கு ஷாஹிதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. போர்டு மாட்டியதும் கீழே நின்று போட்டோ எடுத்துச் செங்கல்பட்டில் இருக்கிற தன் அண்ணனுக்கு அனுப்பினாள். தூக்குக் கயிற்றுக்குத் தானே கழுத்தளவு கொடுத்தோம் என்பது பிறகுதான் புரிந்தது.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டிரம் வந்து இறங்கியதும் முதல் வேலை லேபிளை உரிப்பது. சைஃபுல்லா கோணியைத் தண்ணீரில் நனைத்து டிரம்மின் வயிற்றில் சுற்றிவிடுவார். நன்றாக ஊறியதும் மொண்ணைக் கத்தியால் சுரண்டி, லேபிளைத் துணுக்குத் துணுக்காக எடுத்து எரித்துவிடுவார். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்தால் அவன் நேராக அங்கேயே போய்விடுவான், நடுவில் இருக்கிறவன் பிழைப்பில் மண் விழும். வியாபாரிகள் எல்லோரும் சொல்கிற நியாயம்தான் இது. ஆனால் சைஃபுல்லா உரிக்கும்போது கோடவுன் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அந்தத் தாழ்ப்பாள் ஷாஹிதாவுக்காக. அவள் அண்ணனும் செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் இதே வியாபாரம்தான் செய்கிறான். அவள் பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டால்?

"பொறந்த வூட்டுப் பாசம் பொல்லாதது," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஆக, உரித்த டிரம்மிலிருந்து சரக்கைக் கேன் கேனாக இறக்கி, ஒவ்வொரு கேனிலும் ஷாஹிதா ட்ரேடர்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கல்லில் படிந்த கறையை எடுக்கிற பிங்க் நிற லிக்விட் நன்றாக விற்றது. கிரானைட்டில் எத்தனை நாள் துரு என்றாலும் அதை ஊற்றித் துடைத்தால் போய்விடும். ஸ்டிக்கரில் கடைப் பேர், கீழே ஷாஹிதாவின் போன் நம்பர், ஒரு சிரிக்கிற பூ. இவ்வளவுதான்.

முன்பெல்லாம் இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. சிறுசேரிக் கட்டடங்களுக்குச் சரக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. அங்கே உள்ளே ஒரு சோப்புக் கட்டி போக வேண்டுமென்றாலும் கூடவே எம்.எஸ்.டி.எஸ். போக வேண்டும். அதாவது சரக்கில் என்ன கலந்திருக்கிறது, கையில் பட்டால் என்ன கேடு, கண்ணில் பட்டால் என்ன வைத்தியம் என்று விற்கிறவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய தாள். எவனோ தயாரித்தது, நான் ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேனில் யார் பேரோ, பொறுப்பும் அவர்களுடையது.

சைஃபுல்லா அதற்கும் வழி கண்டுபிடித்தார். நெட்டில் தேடி ஏதோ ஒரு தாளை எடுத்தார், தலைப்பை மாற்றினார், அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு ஷாஹிதாவிடம் நீட்டினார். அவள் படித்துப் பார்த்தாள்.

"இது எலுமிச்சம்பழத்து ஆசிடுக்கு உள்ள தாளு பெரிய மச்சான். நம்ம சரக்கு அதுதானா?"

"அதேதான்."

"டிரம்முல அப்டித்தான் போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு, போட்டிருந்துச்சு. சைன் பண்ணு. வண்டி கெளம்பணும்."

போட்டாள். வேறு என்ன செய்வாள்? மாமியார் உயிரோடு இருந்தபோது எப்படியோ, இப்போதும் அந்த வீட்டில் அப்படித்தான். ஒரே வீடு, ஒரே உலை, ஒரே கல்லா. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அன்றைக்குச் சோறு யார் பானையில் என்ற கேள்வி வரும். ஆனாலும் எலுமிச்சம்பழத்து ஆசிட் கிரானைட்டுத் துருவை அப்படி அள்ளிக்கொண்டு வராது என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தேகம் தொண்டையில் சிக்கிய மீன் முள் போல இருந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்றிலிருந்து சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் கேட்டுப் பார்த்தாள். "பெரிய மச்சான், என் பேர எடுத்துடுங்க. எனக்கு பயமா கீது." அவர் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. "மார்ச்சு முடியட்டும்" என்பார். மார்ச் முடிந்தால் "நோம்பு முடியட்டும்" என்பார். காலையில் அஜ்மல் வண்டியில் கேன்களை ஏற்றும்போது ஷாஹிதா வாசலில் நின்று பார்ப்பாள். தன் பேர் வரிசை வரிசையாக வண்டியேறி எந்தெந்த ஊருக்கோ, யார் யார் கைக்கோ போகும். கூப்பிட்டு நிறுத்தவும் முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஷாஹிதா மேடமா? நான் ஜான்சன் பேசறேன். சிறுசேரில ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கேன்ல உங்க நம்பர்தான் போட்டிருக்கு, அதான் கூப்டேன்."

"சொல்லுங்க தம்பி."

"எங்க ரெபேக்காள் அக்காவுக்குக் கைல பட்டுருச்சு மேடம். நேத்து லாபில தரை தொடைச்சுகினு இருந்துச்சு. க்ளவுஸு கிழிஞ்சிருந்துருக்கு, கவனிக்கல. அப்ப ஒண்ணுமே எரியல மேடம், அதான் பாருங்க. கைய கழுவிக்கினு வேலைய முடிச்சிட்டு போச்சு. சாயங்காலம் வூட்டுக்குப் போற பஸ்ஸுல புடிச்சுது வலி. ஆஸ்பத்திரில நீங்க குடுத்த பேப்பரக் காட்டினேன். 'லேசான ஆசிடுதான், பயப்படாதீங்க'ன்னு களிம்பு போட்டு அனுப்பிட்டாங்க. காலைல பாத்தா விரல் நுனியெல்லாம் வெள்ளையா கீது. அது கத்தறதக் காது குடுத்துக் கேக்க முடில. டாக்டரு கேக்கறாரு, இதுல வேற இன்னா கலந்துகீதுன்னு. சொல்லுங்க மேடம்."

ஷாஹிதாவின் கையில் நெத்திலிச் செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பட்டதும் எரியாத ஆசிட். பட்ட இடத்தில் பெரிதாக ஒன்றும் காட்டாமல் தோலுக்குள் இறங்கி, எலும்பைத் தேடிப்போகிற ஆசிட். காலேஜ் லேபில் அதைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. கண்ணாடி பாட்டிலையே தின்றுவிடும், அதனால் பிளாஸ்டிக்கில்தான் வைப்பார்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு முறிமருந்து கால்சியம். மற்ற களிம்பு எதைத் தடவினாலும் தவிட்டுக்குச் சமம்.

"பத்து நிமிசம் குடுங்க தம்பி. கேட்டுச் சொல்றேன்," என்றாள். அவளுக்குத் தெரிந்தது சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தை வைத்து ஒரு டாக்டரிடம் என்ன சொல்வது?

கோடவுனில் சைஃபுல்லா கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். அஜ்மல் ஒரு ஓரமாக நின்று வண்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். ஷாஹிதா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சைஃபுல்லா மூடி போடுவதை நிறுத்தவில்லை.

"பேப்பர்ல இன்னா கீதோ அதையே சொல்லு."

"பேப்பர் தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா," என்று அவர் நிமிர்ந்தார், "அதுல யார் கையெழுத்து கீது?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் தங்கையிடம் விசாரிப்பது போல இதமாகக் கேட்டார். அந்த இதம்தான் அவளைப் பயமுறுத்தியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த இரண்டு இடத்தையும் இந்த மனுசர் முன்கூட்டியே அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறார்.

போன் மறுபடி அடித்தது. ஜான்சன். அவள் எடுப்பதற்குள் சைஃபுல்லா கையை நீட்டி அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பேஜாரு புடிச்ச வேலை வேணாம். ஒரு பொம்பளைக்கு விரல்ல புண்ணு. நாலு நாள்ல ஆறிடும். நீ எதையாச்சும் உளறி வெச்சன்னா போலீசு வந்து நிக்கும். யார் பேரைச் சொல்லிக் கூப்புடுவான்? அஃப்ஸானா காலேஜ் போற புள்ள. அவ நெலமைய நெனச்சுப் பாரு."

அஃப்ஸானா ஷாஹிதாவின் ஒரே மகள். இந்த வீட்டில் ஷாஹிதாவை எதற்காவது படிய வைக்க வேண்டுமென்றால் கடைசியில் அந்தப் பேரைத்தான் எடுப்பார்கள்.

"போலீசு வரட்டும், நான் போறேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டிரம்முல இன்னா எழுதியிருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க. எங்க அண்ணங்கிட்ட சொல்ல மாட்டேன். என் புள்ள மேல சத்தியமா சொல்ல மாட்டேன். அந்தப் பேர மட்டும் சொல்லுங்க பெரிய மச்சான், உங்க கால்ல வேணா விழறேன்."

அவள் நிஜமாகவே குனிந்தாள். அஜ்மல் பதறிப்போய்க் கயிற்றைப் போட்டுவிட்டு வந்தான்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் சைஃபுல்லா எரிச்சலோடு. "அவனே உரிச்சிட்டுத்தான் அனுப்பறான்."

ஒரு நிமிடம் அவளுக்கு விளங்கவில்லை. அஜ்மலுக்கும் விளங்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவர் வாயைக் கிளறிய பிறகுதான் புரிந்தது: வடசென்னையில் ஒரு ஆள். அவன்தான் டிரம் அனுப்புகிறவன். அவனும் வியாபாரிதானே? அவன் பிழைப்பிலும் மண் விழக் கூடாதல்லவா? லேபிளை உரித்து, மேலே தன் போன் நம்பரை ஒட்டித்தான் அனுப்புகிறான். இத்தனை வருசமும் சைஃபுல்லா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கோணி சுற்றி, சுரண்டிச் சுரண்டி எரித்ததெல்லாம் அந்த ஒரு போன் நம்பரை. அந்த ஆளுக்கு விற்கிறவனும் உரித்தே விற்கிறானோ என்னவோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். சரக்கு மட்டும் கை மாறிக் கை மாறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அது என்ன என்று அறிந்த ஒரு உயிர் வழியில் எங்கேயும் இல்லை.

"அப்ப எலுமிச்சம்பழம்னு சொன்னீங்களே?"

"இன்னாத்தையாச்சும் சொல்லணும்ல?"

"அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"கேட்டா அடுத்த லோடு வராது."

ஷாஹிதாவுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுபோனது. அவள் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். டீ குடிக்கிற கண்ணாடி கிளாஸ் ஒன்றை எடுத்தாள். கைகளில் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள். திரும்ப வந்து, திறந்திருந்த ஒரு கேனிலிருந்து அந்தப் பிங்க் லிக்விடைக் கிளாஸில் பாதிக்கு ஊற்றி, சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். சைஃபுல்லா "இன்னாடி பண்ற" என்று எழுந்தார். அந்த வீட்டில் அவர் அவளை டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அஜ்மல் நடுவில் வந்து நின்றான். நின்றான், அவ்வளவுதான்.

மூன்று பேரும் ஒரு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கல்பாக்கத்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மீன்காரி ஒருத்தி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஷாஹிதா கிளாஸை வாளித் தண்ணீரில் மெதுவாகச் சாய்த்துக் கொட்டி, நன்றாக அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். லிக்விட் நின்ற மட்டம் வரைக்கும் கண்ணாடி வெள்ளையாக மங்கியிருந்தது. துடைத்தாள். போகவில்லை. மேல்பாதி பளபளவென்று இருந்தது.

"எலுமிச்சம்பழம் கண்ணாடியத் தின்னுமா?" என்று அஜ்மலிடம் கேட்டாள். "ரெபேக்காள்னு ஒரு பொம்பள. உங்களுக்குத் தெரியுமா அவங்கள?"

"தெரியும்," என்றான் அஜ்மல். "கேன் எறக்கறப்போ லிப்ட்டப் புடிச்சுக்கினு நிக்கும். தண்ணி குடுக்கும்." அவன் தன் போனை எடுத்து ஜான்சன் நம்பரைப் போட்டு அவளிடம் கொடுத்தான். அண்ணன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜான்சன் போனை டாக்டரிடம் கொடுத்தார். குரலுக்குச் சின்ன வயதுக்காரர் போலிருந்தது. லிக்விட் கண்ணாடியைத் தின்றதைச் சொல்லி, இது ஃப்ளோரைடு ஆசிட் என்றாள் ஷாஹிதா. "உங்க பேப்பர்ல அப்படி இல்லையே," என்றார்.

"அந்தப் பேப்பர் பொய், டாக்டர்."

"நான் இப்பவே கால்சியம் ஆரம்பிக்கறேன். ஆனா எனக்கு எழுத்துல வேணும். உங்க கடை லெட்டர்ஹெட்ல, உங்க கையெழுத்தோட. வாட்ஸப்ல அனுப்புங்க."

லெட்டர்ஹெட்டில் எழுதினாள். இந்தக் கடையிலிருந்து முன்பு கொடுத்த தாள் இந்தச் சரக்குக்கு உரியது அல்ல. இதில் ஃப்ளோரைடு ஆசிட் இருப்பதாக நான் சோதித்து அறிந்தேன். எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழே கையெழுத்துப் போட்டாள். அஜ்மலின் போனில் படமெடுத்து அனுப்பினாள். தான் ஜெயிலுக்குப் போவதற்கான தாளைத் தானே எழுதியாகிவிட்டது. அதே லிக்விட் போன மற்ற இடங்களுக்கும் அன்றே அஜ்மலின் போனிலிருந்து கூப்பிட்டு, கேனைத் தொடாதீர்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

போலீஸ் வரவில்லை. அதுதான் வேடிக்கை. ரெபேக்காளுக்குக் கை பிழைத்தது, நடுவிரல் நுனியைத் தவிர. கட்டடத்தில் வேலைக்கு ஆள் விடுகிற கம்பெனிக்காரர்கள் கிழிந்த க்ளவுஸ் கொடுத்த சங்கதி வெளியே வரக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டு, விசயத்தை அப்படியே அமுக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி. அஃப்ஸானாவிடம், யாரோ ஒரு அக்காவுக்கு விரலில் புண், ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். ஷாஹிதா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு, "போய் நீயே மாட்டிக்கப் போறியா?" என்றார் சைஃபுல்லா. போன் திரும்பக் கிடைத்தது. பிங்க் லிக்விடும் கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. கோடவுன் கதவில் தாழ்ப்பாளோடு இப்போது ஒரு பூட்டும் சேர்ந்தது.

ஆனால் அவர் அவளைத் திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கம் குழம்பைத் தள்ளி வைத்தார். ஒருநாள் அவராகவே சொன்னார்: "நீ கேட்டுக்கினே இருந்தல்ல, ஷாஹிதா. உன் பேர எடுத்துடலாம். ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டேன். புதன்கிழமை செங்கல்பட்டு போய் வந்துடலாம்."

புலி பதுங்கினால் எதற்கு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஷாஹிதாவுக்கு மட்டும் அன்றைக்குத் தெரியாமல் போனது. ஏனென்றால் அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டுவிட்டாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். புதன்கிழமை நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டி, மேலே துப்பட்டா போட்டுக்கொண்டாள். அஃப்ஸானாவும் கூட வருகிறேன் என்றாள், பெரியத்தா சைஃபுல்லா வரச் சொன்னாராம். காலேஜுக்கு ஏதோ துணி எடுக்கவாக இருக்கும் என்று ஷாஹிதா நினைத்தாள்.

ஆடிட்டர் ஜானகிராமனின் ஆபீஸ் ஒரு மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே. மரியாதையான மனுசர். மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். "ஷாஹிதா ட்ரேடர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்றோம்மா. உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க."

வந்தது. ஷாஹிதா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் தட்டினார். "ஆச்சு. இனிமே உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

அவ்வளவு சுலபமா என்று இருந்தது. எத்தனை மார்ச், எத்தனை நோன்பு! நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். தொண்டையில் இருந்த முள் இறங்கியே போய்விட்டது. அஜ்மலைப் பார்த்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்தது புதுசு," என்றார் ஜானகிராமன். "பாப்பா, உன் ஆதார் குடும்மா."

அஃப்ஸானா கைப்பையைத் திறந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பெரியத்தா சொல்ல வேணாம்ன்னாரு. அஃப்ஸானா கெமிக்கல்ஸ்! விசிட்டிங் கார்டுகூட அடிக்கப் போறாரு."

போன மாதம்தான் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. திறந்த கைப்பையில், ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் அவள் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகியிருந்தது இப்போதுதான் ஷாஹிதாவின் கண்ணில் பட்டது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, கடைசியில் அவள் வயிற்றில் பிறந்ததைக் கடிக்க வந்துவிட்டது.

"வேணாம்," என்றாள். "சார், என் பேரே இருக்கட்டும். திரும்பப் போடுங்க."

"அதான் கேன்சல் பண்ணியாச்சேம்மா."

"புதுசா என் பேர்லயே போடுங்க. நான் கையெழுத்து போடறேன். எந்தத் தாளுக்கு வேணாலும் போடறேன்."

"நீ வேணாம், ஷாஹிதா," என்றார் சைஃபுல்லா. குரலில் அதே இதம். "நீ ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கற ஆளு. உன்ன வெச்சுக்கினு வியாபாரம் பண்ண முடியாது."

ஆக, தூக்குக் கயிற்றில் திரும்பத் தலையைக் கொடுக்கவும் அவளுக்கு இடமில்லை. அஃப்ஸானாவின் முகம் சுருங்கிப்போனது. "ஏம்மா? ஓனரா நீ மட்டும்தான் இருக்கணுமா? நான் இருந்தா ஒனக்கு இன்னா?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மகள் தன்னைப் பொறாமைக்காரி என்று நினைக்கிறாள் என்பது ஷாஹிதாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அஃப்ஸானாவின் போன் மேசை மேல் டிங் என்றது. ஓ.டி.பி. வந்துவிட்டது. அவள் எடுக்கப் போனாள். ஷாஹிதா போனின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பெரிய மச்சான்," என்றாள். "உங்க பேர்ல ஆரம்பிங்களேன்."

"இன்னா?"

"சைஃபுல்லா கெமிக்கல்ஸ். நல்லாத்தானே கீது? கடை உங்களது, சரக்கு உங்களது, சாவி உங்களது. ஆதார் உங்க பையிலயே கீது. குடுங்க, சார் போட்டுடுவாரு."

சைஃபுல்லாவின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. ஜானகிராமன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். அஜ்மல் தலையை நிமிர்த்திப் பார்த்தான். மின்விசிறி ஒரு பக்கமாகச் சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு... எனக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா. நான் படிக்காத ஆளு," என்றார்.

"பேர் போட்டுக்கப் படிப்பு எதுக்கு பெரியத்தா?" அஃப்ஸானா கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "உங்க கடைதானே? உங்க பேர் ஏன் வேணாம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது சொல்வார், சொல்வார் என்று அஃப்ஸானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வருவதை ஷாஹிதா கண்டாள். போனின் மேல் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள். இனிமேல் அது அஃப்ஸானாவின் போன், அஃப்ஸானாவின் பேர்.

"ஓ.டி.பி. டைம் முடியப் போகுதும்மா," என்றார் ஜானகிராமன் தணிந்த குரலில்.

அஃப்ஸானா போனை எடுத்தாள். பார்த்தாள். பிறகு அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஆதாரைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

சைஃபுல்லா படியிறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். அஜ்மல் ஓட்ட வேண்டுமே, அவனும் போனான். போகும்போது ஷாஹிதாவின் கையில் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துவிட்டுப் போனான். எப்படியும் எல்லோரும் போய்ச் சேரப்போவது அதே வீட்டுக்குத்தான். அங்கே உலை இருக்கிறது. உலைக்கு அரிசி யார் போடுவார்கள் என்பது இனிமேல்தான் தெரியும்.

பஸ்ஸில் அஃப்ஸானா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வயல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த அக்காவுக்கு எந்த விரல்மா?"

ஷாஹிதா தன் நடுவிரலைக் காட்டினாள். அஃப்ஸானா அந்த விரலைப் பிடித்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். புதுப்பட்டினத்தில் இறங்குகிற வரைக்கும் விடவில்லை.